நான்கு கிலோமீற்றர் ட்ராம் பாதையும் மூதூர் மக்களும்

கொழும்பு தேசிய வைத்தியசாலைக்கு அனுப்பப்படும் நோயாளர்களில் மூதூர், தோப்பூர், கிண்ணியா மக்களும் இருக்கிறார்கள். திருகோணமலையில் இரவு ரயில் ஏறினால், ஏறத்தாழ 300 கிலோமீற்றர் கடந்து விடியற்காலையில் கோட்டையில் இறங்கலாம். அங்கிருந்து வைத்தியசாலைக்கு மூன்று கிலோமீற்றர் அளவுதான். நடக்க முடியாத நோயாளியோடும் பைகளோடும் நிற்பவருக்கு அந்த மூன்று கிலோமீற்றரே பெரும் பாடு. பஸ்ஸில் ஏற்ற முடியாது. முச்சக்கரவண்டிக்காரர் கேட்பதைக் கொடுக்க வேண்டும்.

கோட்டையையும் தேசிய வைத்தியசாலையையும் பொரளையையும் மாலபேயையும் இணைக்கும் இலகு ரயில் பாதை ஒன்றுக்கு 2019இல் ஒப்பந்தம் எழுதப்பட்டது. 2020இல் அது கைவிடப்பட்டது. அன்று நம் பகுதியில் யாரும் அதைப் பற்றிப் பெரிதாகப் பேசவில்லை. கொழும்புக்காரரின் விடயம் என்று விட்டுவிட்டோம். அதைப் பயன்படுத்தியிருக்கக் கூடியவர்களில் நாமும் அடக்கம். அதற்கான கடனையும் கைவிட்டதால் வந்த நட்டத்தையும் சுமப்பவர்களிலும் நாம் அடக்கம்.

நான் பாடசாலையில் கணிதம் கற்பிப்பவன், பொறியியலாளன் அல்லன். ஆனாலும் நகரத்துக்குள் ஒரு குறுகிய ட்ராம் பாதை எப்படித் திட்டமிடப்படுகிறது, எப்படிக் கட்டப்படுகிறது, எங்கே பிழைக்கிறது என்பதைச் சாதாரண கணக்கறிவோடு விளங்கிக்கொள்ளலாம். அதை விளங்கியவர் தன் ஊர்ப் பாலத்தையும் வீதியையும் இறங்குதுறையையும் பற்றிச் சரியான கேள்வி கேட்பார். இந்தக் கட்டுரையின் நோக்கம் அதுதான்.

கொழும்பில் ஓடிய ட்ராம்

ட்ராம் நமக்குப் புதியதல்ல. 1899இல் கொழும்பு வீதிகளில் மின்சார ட்ராம் ஓடத் தொடங்கியது. நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், 1895இல், சென்னையில் அது வந்திருந்தது. கொழும்பில் பாதையை அமைத்தவர்கள் பௌஸ்டெட் சகோதரர்கள் என்ற ஆங்கிலேயக் கம்பனியினர். கோட்டையிலிருந்து மருதானை வழியாகப் பொரளைக்கு ஒரு பாதை, புறக்கோட்டை வழியாக கிராண்ட்பாஸுக்கு இன்னொரு பாதை.

இந்த இரண்டு பாதைகளையும் வரைபடத்தில் பார்த்தால் திட்டமிட்டவரின் மனம் புரியும். துறைமுகமும் அலுவலகங்களும் கோட்டையில் இருந்தன. மொத்த வியாபாரம் புறக்கோட்டையில் நடந்தது. தொழிலாளர்களும் சிறு வியாபாரிகளும் மருதானையிலும் பொரளையிலும் கிராண்ட்பாஸிலும் குடியிருந்தார்கள். முஸ்லிம்கள் நெருக்கமாக வாழ்ந்த தெருக்கள் பலவும் இந்தப் பாதைகளை ஒட்டியே இருந்தன. காலையில் எங்கிருந்து எங்கே சனம் போகிறது என்று பார்த்து, அந்தத் தடத்தின் மேல் தண்டவாளத்தைப் போட்டார்கள்.

1929இல் ஏ. ஈ. குணசிங்க தலைமையில் ட்ராம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது மருதானையில் கலவரமாகி, பொலிஸ் துப்பாக்கிப் பிரயோகத்தில் உயிர்கள் போயின. 1944இல் கொழும்பு மாநகர சபை ட்ராம் சேவையைப் பொறுப்பேற்றது. 1953இல் தண்டவாளம் தேவைப்படாத, மேலே கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் ட்ரொலி பஸ்கள் வந்தன. 1960இல் கடைசி ட்ராமும் நின்றது. ட்ரொலி பஸ்களும் 1964இல் முடிந்துபோயின. அறுபது ஆண்டுகள் ஓடிய ஒன்றை அகற்றினோம். அதற்கு மாற்றாக வந்ததோ பதினொரு ஆண்டுகள்தான் நின்றது.

கிளைப் பாதை என்றால் என்ன?

நம் திருகோணமலை ரயில் பாதையே ஒரு கிளைதான். மட்டக்களப்புக்குப் போகும் பாதையிலிருந்து கல்ஓயா சந்தியில் பிரிந்து வருகிறது. 1927இல் திறக்கப்பட்டது. நகரத்து ட்ராமிலும் இதுதான் முறை. ஒரு பிரதான பாதை இருக்கும். அதிலிருந்து ஒரு வைத்தியசாலைக்கோ சந்தைக்கோ பல்கலைக்கழகத்துக்கோ மூன்று, நான்கு கிலோமீற்றர் நீளத்தில் ஒரு கிளை பிரியும்.

பிரதான பாதையில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு ட்ராம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சந்தியில் ஒன்றுவிட்டு ஒன்றாக வண்டிகளைக் கிளைக்குத் திருப்பினால், கிளையில் பத்து நிமிடத்துக்கு ஒன்று கிடைக்கும். ஆனால் சந்திக்கு அப்பால் பிரதான பாதையில் இருப்பவர்களுக்கும் பத்து நிமிடத்துக்கு ஒன்றாகக் குறைந்துவிடும். ஒரு பகுதிக்குக் கொடுத்ததை இன்னொரு பகுதியிலிருந்து எடுத்திருக்கிறோம். இதைத் தவிர்க்க இரண்டு வழிகள் உண்டு. கூடுதல் வண்டிகள் வாங்கலாம். அல்லது கிளையில் தனியாக ஒரு சேவையை ஓட்டி, சந்தியில் பயணிகளை இறங்கி ஏற வைக்கலாம். முதல் வழியில் செலவு கூடும். இரண்டாவதில், நோயாளியும் முதியவரும் பிள்ளையைத் தூக்கிய தாயும் வெயிலில் நின்று வண்டி மாற வேண்டும்.

ஆகவே கிளை வேண்டுமா என்ற கேள்வியோடு இன்னும் இரண்டு கேள்விகள் ஒட்டியே வருகின்றன. யாருக்கு எத்தனை நிமிடம் குறைகிறது? யாருக்கு எத்தனை நிமிடம் கூடுகிறது? திட்ட அறிக்கையில் முதலாவதைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். இரண்டாவதை நாம்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

ஆசிரியர் கலாசாலையில் பாடத் திட்டம் எழுதப் பழக்கியபோது, பாடம் எங்கே போகிறது என்பதற்கு முன்னால் பிள்ளை இப்போது எங்கே நிற்கிறது என்று எழுதச் சொன்னார்கள். போக்குவரத்துத் திட்டத்திலும் முதல் வேலை அதுதான். எந்த நேரத்தில், எத்தனை பேர், எங்கிருந்து எங்கே போகிறார்கள், ஏன் போகிறார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பாடசாலை விடும் நேரம், கிளினிக் நாள், ஜும்ஆவுடைய நேரம், சந்தை நாள் எல்லாமே அந்தக் கணக்குக்குள் வரவேண்டும். அலுவலகத்தில் இருந்து வரைபடத்தில் கோடு இழுப்பவருக்கு இவை தெரியாது. ஊர்க்காரருக்குத்தான் தெரியும்.

ஒரு சின்னக் கணக்கு

கிளையின் நீளம் 4 கிலோமீற்றர் என்று கொள்வோம். தரிப்பிடங்களில் நிற்கும் நேரத்தையும் சேர்த்து ட்ராமின் சராசரி வேகம் மணிக்கு 16 கிலோமீற்றர் என்றால், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 15 நிமிடம். போய்வர 30 நிமிடம். ஒவ்வொரு முனையிலும் 5 நிமிட ஓய்வு கொடுத்தால் மொத்தம் 40 நிமிடம். பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி வேண்டுமென்றால் 40ஐ 10ஆல் வகுக்க, நான்கு வண்டிகள் தேவை. பழுது பார்ப்பதற்கு ஒன்று கூடுதலாக வைக்க வேண்டும்.

இப்போது அதே தண்டவாளத்தில் கார்களையும் லொறிகளையும் ஓட விடுகிறோம் என்று நினையுங்கள். நெரிசலில் சராசரி வேகம் மணிக்கு 10 கிலோமீற்றராக இறங்குகிறது. ஒரு பக்கப் பயணம் 24 நிமிடமாகிறது. போய்வர 48, ஓய்வு 10, மொத்தம் 58 நிமிடம். அதே பத்து நிமிடச் சேவைக்கு இப்போது ஆறு வண்டிகள் வேண்டும். கூடுதலாக இரண்டு வண்டிகள், அவற்றுக்குச் சாரதிகள், அவற்றை நிறுத்தி வைக்க இடம். பயணியோ முன்னரைவிடத் தாமதமாகவே போய்ச் சேருகிறார்.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். ட்ராமுக்குத் தனித் தடம் ஒதுக்கி, சந்திகளில் அதற்கு முதலில் பச்சை விளக்கு விழச் செய்தால் சராசரி 20 கிலோமீற்றராகலாம். ஒரு பக்கம் 12 நிமிடம். ஓய்வு மூன்று மூன்று நிமிடமாக வைத்தால் 24உம் 6உம் சேர்ந்து 30 நிமிடம். மூன்று வண்டிகளே போதும்.

வீதியில் யாருக்கு இடம் கொடுப்பது என்ற ஒரே முடிவினால் மூன்று வண்டிகள் ஆறாகின்றன. இது பொறியியலாளர் தனித்து எடுக்கும் முடிவல்ல, அரசியல் முடிவு. வாகனம் நிறுத்த இடம் போகிறது என்று கடைக்காரர் எதிர்ப்பார். கார் வைத்திருப்பவர் எதிர்ப்பார். அவர்களுக்குப் பணிந்து தனித் தடத்தைக் கைவிட்டுவிட்டு, பிறகு ட்ராம் மெதுவாகப் போகிறது, நட்டத்தில் ஓடுகிறது என்று அதையே குறை சொல்வதும் நடக்கும்.

செலவைக் குறைப்பதற்காக இரட்டைப் பாதைக்குப் பதிலாக ஒற்றைப் பாதை போடுவதும் உண்டு. அப்படியானால் எதிரெதிரே வரும் வண்டிகள் ஒன்றையொன்று கடக்க இடையில் விலகு பாதை வேண்டும். ஒரு வண்டி இரண்டு நிமிடம் பிந்தினால் எதிர்வண்டியும் அங்கே காத்து நிற்கும். நம் ரயில்கள் சின்ன நிலையமொன்றில் காரணம் தெரியாமல் நிற்பதை அனுபவித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மிகக் குறுகிய பாதைக்கு ஒற்றைத் தடம் போதும். சேவையை அடிக்கடி ஓட்ட நினைத்தால் போதாது.

வீதிக்கு அடியில் இருப்பது

ட்ராம் பாதை கட்டும்போது அதிக காலத்தையும் பணத்தையும் விழுங்குவது பல இடங்களில் தண்டவாளம் அல்ல. வீதிக்கு அடியில் கிடக்கும் குழாய்களும் கேபிள்களும்தான். குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்சாரக் கம்பி, தொலைபேசிக் கம்பி எல்லாம் ஒரே வீதிக்கு அடியில் கிடக்கின்றன. இவை உடைந்தால் வீதியைத் தோண்ட வேண்டும். மேலே தண்டவாளம் இருந்தால் ஒவ்வொரு முறையும் சேவையை நிறுத்த வேண்டும். அதனால் பாதை போட முன்னரே அவற்றைப் பக்கத்துக்கு மாற்றுகிறார்கள். பழைய நகரங்களில் எந்தக் குழாய் எங்கே போகிறது என்பதற்குச் சரியான வரைபடம் இருக்காது. தோண்டிப் பார்த்த பிறகே தெரியும்.

அதன் பின் நிலத்தை இறுக்கி, கொங்கிறீற் தளம் போட்டு, அதில் தண்டவாளத்தைப் பதிக்கிறார்கள். ரயில் தண்டவாளம் வீதிக்கு மேலே துருத்தி நிற்கும். ட்ராம் தண்டவாளம் வீதி மட்டத்திலேயே இருக்கும். சக்கரத்தின் விளிம்பு ஓடுவதற்காக அதில் ஒரு பள்ளம் இருக்கும். மற்ற வாகனங்கள் அதன் மேலாலே போகலாம். ஆனால் சைக்கிளின் சக்கரம் அந்தப் பள்ளத்தில் சிக்கும். மோட்டார் சைக்கிள் மழை நேரத்தில் அந்த இரும்பில் வழுக்கும். இரு சக்கர வாகனங்கள் நிறைந்த நம் நாட்டில், அவை பாதையைக் குறுக்கே கடக்கும் இடங்களை முன்கூட்டியே ஒழுங்குபடுத்தாவிட்டால் விபத்து நடக்கும்.

மின்சாரத்தையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான ட்ராம்கள் மேலே செல்லும் கம்பியிலிருந்து 600 அல்லது 750 வோல்ட் நேர்மின்னோட்டத்தை எடுக்கின்றன. மின்னோட்டம் தண்டவாளம் வழியாகத் திரும்புகிறது. தண்டவாளத்துக்கும் மண்ணுக்கும் இடையில் நல்ல காப்பு இல்லையென்றால் கொஞ்சம் மின்னோட்டம் மண்ணுக்குள் கசியும். அது பக்கத்திலுள்ள இரும்புக் குழாய்களை மெல்ல மெல்ல அரித்துவிடும். ட்ராம் வந்து பல வருடங்கள் கழித்துக் குடிநீர்க் குழாய் ஓட்டையானால் அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். தண்டவாளத்தைச் சுற்றி ரப்பர் போன்ற காப்பு வைப்பது இதற்காகத்தான். கண்ணுக்குத் தெரியாத வேலை என்பதால், பணம் குறையும்போது வெட்டப்படும் ஆபத்து இப்படியான வேலைகளுக்கே அதிகம்.

மேல்கம்பி இல்லாமலும் ஓட்ட முடியும். நம் சகோதரர்கள் பலர் வேலை செய்யும் டுபாயில் 2014 நவம்பர் 11ஆம் திகதி திறக்கப்பட்ட ட்ராம் அப்படிப்பட்டது. 10.6 கிலோமீற்றர் நீளம், 11 நிலையங்கள். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் நிலத்தில் பதித்த மூன்றாவது கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கிறது. வண்டி மேலே நிற்கும் துண்டில் மட்டும் மின்சாரம் வரும், வண்டி கடந்ததும் நின்றுவிடும். அதனால் மற்றவர்கள் அதன் மேல் நடக்கலாம். அந்த ட்ராம் மெட்ரோ ரயிலோடு இணைகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. பெரிய பாதையிலிருந்து இறங்கியவர் சிறிய பாதைக்கு நடந்து மாறலாம். குறுகிய பாதையின் பெறுமதியில் பெரும் பங்கு அது எதனோடு சேர்கிறது என்பதில்தான் இருக்கிறது.

ஒரே நகரம், இரண்டு அனுபவம்

திட்டமிடலால் என்ன வித்தியாசம் வரும் என்பதற்கு ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரம் நல்ல உதாரணம். அங்கே விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குள் 14 கிலோமீற்றர் ட்ராம் பாதை 2014 மே 31ஆம் திகதி திறக்கப்பட்டது. 2011இல் முடிந்திருக்க வேண்டியது. செலவு 776 மில்லியன் பவுண். ஆரம்பத்தில் நியூஹேவன் என்ற கடலோரப் பகுதிவரை போவதாகத் திட்டமிட்டிருந்தார்கள். பணம் போதாமல் நகர மத்தியிலேயே நிறுத்திவிட்டார்கள். குழாய்களை மாற்றும் வேலையும் வடிவமைப்பும் முடிவதற்கு முன்னரே கட்டுமான ஒப்பந்தத்தைத் தொடங்கியதால், ஒப்பந்ததாரருக்கும் நகரத்தின் தரப்புக்கும் தகராறு மூண்டது. தோண்டி மூடிய வீதியைத் திரும்பத் தோண்டினார்கள். கடைக்காரர்கள் நொந்துபோனார்கள்.

விட்டுப்போன நியூஹேவன் துண்டைப் பிறகு கட்டினார்கள். அதைக் கிளை என்று சொல்ல முடியாது, பழைய பாதையின் நீட்டிப்புத்தான். ஆனால் குறுகிய பாதை கட்டும் வேலை இரண்டுக்கும் ஒன்றே. நீளம் 4.69 கிலோமீற்றர், தரிப்பிடங்கள் எட்டு. 2019இல் வேலை தொடங்கியது. இடையில் கொரோனா வந்து வேலை நின்றது. அப்படியிருந்தும் 2023 ஜூன் 7ஆம் திகதி, 207 மில்லியன் பவுண் வரவு செலவுத் திட்டத்துக்குள் திறந்தார்கள்.

என்ன மாறியது? வீதியின் ஒரு பகுதியை மூடினால், குழாய், தளம், தண்டவாளம், நடைபாதை என்று எல்லா வேலையையும் முடித்த பிறகே திறப்பது என்று முடிவெடுத்தார்கள். ஒரு தடவைதான் தோண்டுவது. வியாபாரிகளுக்கு உதவித் திட்டம் ஒன்றையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்தார்கள். பாதை பழைய தேவாலயம் ஒன்றை ஒட்டிப் போனது. அதன் மயானம் வீதிக்கு அடியிலும் நீண்டிருக்கும் என்று தெரிந்ததால், தொல்லியல் ஆய்வாளர்களை முன்னரே இறக்கினார்கள். முந்நூறுக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் கண்டெடுக்கப்பட்டு மரியாதையோடு அகற்றப்பட்டன. மையவாடிக் காணி என்றால் நம் ஊர்களில் உணர்ச்சி எவ்வளவு கொதிக்கும் என்று நமக்குத் தெரியும். முன்கூட்டியே கண்டறிந்து, சம்பந்தப்பட்டவர்களோடு பேசி முடித்தால் அது வேலையின் ஒரு பகுதியாகிவிடும். மண்வெட்டி பட்ட பிறகு தெரியவந்தால் ஊர்ச் சண்டையாகிவிடும்.

முதல் பாதையில் என்ன பிழைத்தது என்று ஆராய 2014இல் அமைக்கப்பட்ட விசாரணை, 2023 செப்டெம்பரில்தான் அறிக்கை கொடுத்தது. அதற்குள் இரண்டாவது பாதையே ஓடத் தொடங்கிவிட்டது. அறிக்கை பிந்தினாலும் நகரம் தன் அனுபவத்திலிருந்து படித்துக்கொண்டது.

கட்டும் காலத்தில் சனம் எப்படிப் போகும்?

இந்தக் கேள்வியை எழுதும்போது நம் மாவட்டத்தவர் யாருக்கும் குறிஞ்சாக்கேணி ஞாபகம் வராமல் இருக்காது.

கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணிப் பாலத்தைப் புதிதாகக் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தபோது, மக்கள் தற்காலிகப் படகுப் பாதையில் மறுகரைக்குப் போய்வந்தார்கள். 2021 நவம்பர் 23ஆம் திகதி காலையில் அது கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தார்கள். மறுகரை தூரத்தில் இல்லை, கண்ணுக்குத் தெரியும் தூரம்தான். நான் ஓர் ஆசிரியர். வருகைப் பதிவேட்டில் ஒரு பெயருக்கு நேரே இனி ஒருபோதும் அடையாளம் விழாது என்பதன் பாரம் எனக்கு விளங்கும்.

பாலம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பாலம் அவசியம்தான். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு நம் வாழ்க்கை எவ்வளவு மாறியது என்பதை அனுபவித்தவர்கள் நாம். ஆனால் புதியது கட்டி முடியும்வரை சனம் எதில் போகும், அதற்கு யார் பொறுப்பு, எத்தனை பேர் ஏறலாம், பாதுகாப்பு அங்கி இருக்கிறதா, யார் பரிசோதிப்பது என்பதெல்லாம் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே, கொங்கிறீற்றுக்கும் கம்பிக்கும் சமமாக, எழுதப்பட வேண்டிய விடயங்கள். ட்ராம் பாதை கட்டும்போது பஸ்களை வேறு வீதிக்குத் திருப்புகிறார்கள், நடப்பவர்களுக்குத் தடுப்பு வைத்த வழி விடுகிறார்கள், அம்புலன்ஸ் போக இடம் ஒதுக்குகிறார்கள். இதற்குத் தனிச் செலவும் தனிப் பொறுப்பாளரும் உண்டு. சின்ன வேலைதானே என்று இதை விட்டுவிட்டால் என்ன நடக்கும் என்பதை நம் மாவட்டம் போல வேறு யாரும் அறிந்திருக்க மாட்டார்கள்.

இடையில் கைவிட்டால்

மீண்டும் கொழும்புக்கு வருவோம். மாலபேயிலிருந்து பத்தரமுல்லை, ராஜகிரிய, பொரளை, தேசிய வைத்தியசாலை வழியாகக் கோட்டைக்கு வரவிருந்த இலகு ரயில் பாதை 15.7 கிலோமீற்றர் நீளம், 16 நிலையங்கள். வீதி மட்டத்தில் அல்ல, தூண்களின் மேல் போவதாகத் திட்டம். இது ட்ராமைவிடப் பெரியது, செலவும் கூடியது. 2019 மார்ச்சில் ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்தோடு முதல் கட்டக் கடனாக 30 பில்லியன் யென்னுக்கு ஒப்பந்தம் எழுதப்பட்டது. வட்டி ஆண்டுக்கு 0.1 சதவீதம். திருப்பிச் செலுத்த 40 ஆண்டுகள், அதில் முதல் 12 ஆண்டுகள் சலுகைக் காலம்.

2020 செப்டெம்பரில் அப்போதைய அரசாங்கம் திட்டத்தை நிறுத்தியது. செலவுக்கேற்ற பலன் இல்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். அந்த வாதத்தை முழுதாகத் தள்ளிவிட முடியாது. தூண்களின் மேல் போகும் பாதைக்குச் செலவு மிக அதிகம். நிலத்தில் ஓடும் ட்ராமோ தனித் தடத்தில் ஓடும் பஸ்ஸோ மலிவாக இருந்திருக்கலாம் என்று கேட்பது நியாயமே. ஆனால் அதைக் கேட்கும் காலம் ஒப்பந்தத்துக்கு முன்னால். ஆய்வு முடிந்து, வடிவமைப்பு நடந்து, கடன் ஒப்பந்தமும் எழுதி, ஆலோசகர்களுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கிய பிறகு கைவிட்டால், செலவழித்த பணமும் போகும், பாதையும் கிடைக்காது. இதனால் நாட்டுக்கு ஏற்பட்ட நட்டத்தைத் தேசிய கணக்காய்வு அலுவலகமும் பின்னர் சுட்டிக்காட்டியது. நம்பிக்கையோடு கடன் தந்த நாட்டிடம் கெட்ட பெயரும் மிஞ்சியது. 2022இல் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த முடியாமல் நின்றபோது, உதவி கேட்டுப் போக வேண்டியிருந்த நாடுகளில் ஜப்பானும் ஒன்று.

ஆட்சி மாறியதும் முந்தியவர் தொடங்கியதை நிறுத்துவதும், புதிதாக ஒன்றுக்கு அடிக்கல் நடுவதும் நமக்குப் பழகிப்போன காட்சி. தேசிய மட்டத்தில் மட்டுமல்ல, பிரதேச சபை மட்டத்திலும் இதுதான். ஊருக்குள் சுற்றிப் பார்த்தால் பெயர்ப்பலகை மட்டும் நிற்கும் திட்டங்கள் எத்தனை என்று நீங்களே எண்ணலாம். ட்ராம் பாதையில் மூன்று கிலோமீற்றர் போட்டு நான்காவதை விட்டுவிட்டால், அந்த மூன்றுக்கும் முழுப் பெறுமதி இல்லை. கடைசி ஒரு கிலோமீற்றரில்தான் வைத்தியசாலை இருக்கிறது.

திறந்து வைத்த பிறகும் கதை முடியாது. கொழும்பு ட்ராம் நின்றது தண்டவாளம் தேய்ந்ததால் மட்டுமல்ல. பஸ்கள் போட்டிக்கு வந்தன, வண்டிகள் பழசாகின, புதுப்பிக்கப் பணம் ஒதுக்குவதற்கு யாருக்கும் மனமில்லை. கட்டுவதற்குக் கடன் கிடைக்கும். ஓட்டுவதற்கும் பராமரிப்பதற்கும் ஆண்டாண்டு நாம்தான் தேடிக்கொள்ள வேண்டும். டிக்கட் வருமானம் மட்டும் போதாது. உலகின் பல நகரங்களிலும் அரசோ நகர சபையோ ஒரு பங்கைக் கொடுக்கிறது. அதை யார் கொடுப்பது என்று முதலிலேயே எழுதாத திட்டம் இருபதாவது ஆண்டில் துருப்பிடித்து நிற்கும்.

நாம் கேட்க வேண்டியவை

மூதூருக்கு ட்ராம் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நமக்குத் தேவையானவை வேறு. இறங்குதுறை, நேரத்துக்கு வரும் பஸ், உட்பகுதி வீதிகள், சின்னப் பாலங்கள், திருகோணமலை ரயில் நேரத்தோடு பொருந்திப்போகும் ஒரு இணைப்பு. ஆனால் மேலே சொன்ன ஒழுங்கு எல்லாவற்றுக்கும் பொருந்தும். அடுத்த முறை மக்கள் பிரதிநிதியோ அதிகாரியோ ஒரு திட்டத்தோடு ஊருக்கு வந்தால், பள்ளிவாசல் நிர்வாகிகளும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் மீனவர், விவசாயிகள் சங்கங்களும் பின்வருவனவற்றைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைக்கட்டும்:

• இதைப் பயன்படுத்தப்போகிறவர்கள் யார், எத்தனை பேர், எந்த நேரத்தில்? யாருக்கு வசதி குறையும்?

• இது எந்தப் பெரிய பாதையோடு சேர்கிறது? மாறுவதற்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்?

• நிலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தாயிற்றா? காணி, மையவாடி, கடைகள் பற்றி உரியவர்களோடு பேசியாயிற்றா?

• கட்டி முடியும்வரை பிள்ளைகளும் நோயாளிகளும் எதில் போவார்கள்? அதற்குப் பொறுப்பான அதிகாரி யார்?

• திறந்த பிறகு பராமரிப்புச் செலவை யார் தருவார்கள்? எத்தனை ஆண்டுகளுக்கு?

• ஆட்சி மாறினாலும் வேலை தொடர்வதற்கு என்ன உத்தரவாதம்?

இவற்றைக் கேட்பது திட்டத்தை எதிர்ப்பது ஆகாது. கேட்காமல் மாலை போட்டு வரவேற்றுவிட்டு, பிறகு பாதி வேலையைப் பார்த்துத் திட்டுவதால் யாருக்கும் பயனில்லை. பதில் கிடைக்காத கேள்வி இருந்தால் அடிக்கல்லை ஒரு மாதம் தள்ளி வையுங்கள் என்று சொல்லும் துணிவு நமக்கு வேண்டும். குறிஞ்சாக்கேணியில் பிள்ளைகளை அடக்கம் செய்த சமூகம் நாம். அந்தத் துணிவு நமக்கு இல்லாவிட்டால் வேறு யாருக்கு இருக்கப்போகிறது?